மல்லர் அவையும் கம்பிக் கூண்டும்

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று சோழர் குடியில் ஓர் இளவரசன் இருந்தான். தந்தை தித்தனோடு மனம் மாறுபட்டுப் பிரிந்து வாழ்ந்தவன். ஆமூரிலே பெருவலி படைத்த மல்லன் ஒருவனோடு பொருது அவனை வென்றான். அந்தப் போரைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 80ஆம் பாட்டு. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் முதுகுப்புறமாகச் சென்று வளைக்கிறது. தித்தன் மகிழட்டும், மகிழாது போகட்டும். இந்தக் காட்சியை அவன் ஒருமுறை கண்டால் நன்றாயிருக்கும் என்கிறார் புலவர்.

பள்ளியில் இப்பாட்டைப் படித்தபோது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு கம்பிக் கூண்டுக்கு வெளியே, கையில் நீர்ப்புட்டியும் தோளில் துண்டுமாக நின்றுகொண்டிருந்த வேளையில் அது திடீரென நினைவுக்கு வந்தது. கூண்டுக்குள் இருந்தவன் நம் விடுதித் தம்பி ஒருவன். தூத்துக்குடி மாவட்டத்துக்காரன், கணிதம் படிக்கிறான். பத்தொன்பது வயதில் ஒரு நிறுவனத்தோடு ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு சண்டைக்காரன் ஆனான். வீட்டாருக்குத் தெரியாது. அவனுக்கு நீர் கொடுக்க வேறு ஆள் இல்லாததால் என்னை அழைத்துக்கொண்டான். அந்த ஓராண்டில் நான் கண்டவற்றையும், கண்டபின் படித்தவற்றையும் சேர்த்து நம் சங்க மலருக்கு எழுதுகிறேன். என் பாடம் உயிர்வேதியியல். ஆகவே எடைக் கணக்கிலும் குருதிக் கணக்கிலும் சற்று மிகுதியாகத் தங்குவேன், பொறுத்துக்கொள்க.

கலப்புச் சண்டை என்று தமிழில் சொல்லலாம், உலகம் எம்.எம்.ஏ. என்கிறது. குத்துச்சண்டையும், உதைச்சண்டையும், மல்லும், மூட்டுகளைப் பூட்டும் கலையும் ஒன்றாய்க் கலந்தது இது. ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டத்திற்கான போட்டியாயின் ஐந்து. இடையே ஒரு நிமிட ஓய்வு. ஒருவன் நினைவிழந்தாலோ, நடுவர் இனிப் போதும் என்று கருதினாலோ, பிடிபட்டவன் கையால் தட்டித் தோல்வியை ஒப்பினாலோ ஆட்டம் முடிகிறது. எதுவும் நேராவிட்டால் மூன்று தீர்ப்பாளர் சுற்றுக்குச் சுற்று எண் இடுவர்: வென்றவனுக்குப் பத்து, தோற்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்பது. கண்ணைக் குத்துதல், தலையால் முட்டுதல், பிடரியில் அடித்தல், அடிவயிற்றுக்குக் கீழே அடித்தல் இவையெல்லாம் குற்றம். இவ்விதிகள் 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உருவானவை. இன்னும் மாறி வருகின்றன. முழங்கையை மேலிருந்து நேர்கீழாக இறக்கக் கூடாது என்றிருந்த விதி 2024 நவம்பரில்தான் நீக்கப்பட்டது.

பார்ப்போர் கண்ணுக்குக் கொடியதாய்த் தோன்றுவது கழுத்துப் பிடி. உண்மையில் அதைப் பற்றிய அச்சம் ஓரளவு இடம் மாறியது. மூச்சுக்குழலை நெரிப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். நன்றாகப் போட்ட பிடி மூச்சைத் தொடுவதே இல்லை. கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகளையே அழுத்துகிறது. மூளை நம் உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அதுவே கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் அதற்கில்லை. ஆகவே வரத்து நின்ற பத்து நொடி அளவில் நினைவு தப்புகிறது. பிடியை உடனே விட்டால் சில நொடிகளில் நினைவு திரும்பிவிடும். விடாமல் இறுக்கினால்? அதனால்தான் நடுவர் மண்டியிட்டுப் பிடிபட்டவனின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடியின் கதை வேறு. தாடையில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டையோடு திரும்பிவிடுகிறது, உள்ளே மிதக்கும் மென்மையான மூளை அதே வேகத்தில் திரும்ப இயலாமல் பின்தங்கி முறுக்குண்கிறது. இந்தச் சேதம் தட்டிக் கேட்டால் நிற்பதன்று. சுற்றுக்குச் சுற்று, ஆண்டுக்கு ஆண்டு கூடுவது. கையுறை இருக்கிறதே என்பீர்கள். இதில் அணியும் கையுறை நான்கு அவுன்சு, சுமார் 113 கிராம். அது குத்துபவனின் விரல் எலும்பைக் காப்பதற்கு; குத்துப்படுபவனின் மூளைக்கு அதனால் பெரும் பயன் இல்லை. கழுத்தைப் பிடித்தால் ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டு, குத்து விழுந்தால் கைதட்டுகிற கூட்டத்தைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, தம்பியும் அந்தக் குத்துகளை வாங்குகிறான் என்பது நினைவுக்கு வந்து அந்தச் சிரிப்பு நின்றது.

இவ்வாட்டம் வணிகமாய்ப் பிறந்தது 1993 நவம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் டென்வர் நகரில். எட்டுப் பேர், எடைப்பிரிவு இல்லை, ஒரே இரவில் மூவரை வெல்ல வேண்டும். பிரேசில் நாட்டு ஒல்லியான இளைஞர் ராய்ஸ் கிரேசி பிடிகளாலேயே வென்று 50,000 டாலர் பரிசு பெற்றார். சில ஆண்டுகளில் ஜான் மெக்கெயின் என்னும் செனட்டர் இதை மனிதச் சேவற்கட்டு என்று இகழ்ந்து, தடை செய்யுமாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். சேவற்கட்டு என்றால் என்னவென்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை! நொடித்துப் போன அந்நிறுவனத்தை, அதாவது யு.எஃப்.சி.யை, 2001இல் 20 இலட்சம் டாலருக்குச் சிலர் வாங்கினர். 2016இல் அவர்கள் விற்ற விலை ஏறத்தாழ 400 கோடி டாலர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் கூண்டுக்குள் அடிபட்டவர்களுக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது? 2014இல் சண்டைக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். போட்டி நிறுவனங்களை விழுங்கியும், ஒப்பந்தத்தால் வீரரைக் கட்டிவைத்தும் கூலியைத் தாழ்த்திவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வருவாயில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவே வீரர்க்குப் போயிற்று என்று அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. அந்நாட்டின் கூடைப்பந்துச் சங்கத்தில் ஆட்டக்காரர் பங்கு ஏறத்தாழ பாதி. வழக்கு பத்தாண்டு நடந்து, 37 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுப்பதென்ற உடன்பாட்டில் முடிந்து, 2025இல் நீதிமன்றத்தின் இசைவு பெற்றது. இந்த எண்களை நான் தம்பியிடம் சொன்னபோது, "அண்ணே, அங்க அஞ்சுல ஒண்ணு. இங்க எத்தனைல ஒண்ணுன்னு கேக்கக்கூட ஆள் இல்ல" என்றான்.

2012ஆம் ஆண்டு

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் வணிகமாக்க முயன்ற ஓராண்டின் கதை இருக்கிறது. இங்கிருந்து மூன்று நான்கு மணிப் பயணத் தொலைவில், மும்பையில் தொடங்கியது. 2012இல் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் கூடிச் சூப்பர் ஃபைட் லீக் என்னும் நிறுவனத்தை நிறுவினர். அமெரிக்காவில் சண்டைக்காரர்களுக்கு முகவராயிருந்த கென் பாவியா என்பவர் நிருவாகத் தலைவராக வந்தார்.

முதல் நிகழ்ச்சி மார்ச்சு 11, அந்தேரி விளையாட்டு வளாகம். ஆட்டமும் பாட்டும் திரைநட்சத்திரங்களுமாகத் திருவிழாவாய் நடத்தினார்கள். தலையாய போட்டி அமெரிக்கர் பாப் சாப்புக்கும் ஆங்கிலேயர் ஜேம்சு தாம்சனுக்கும். இருவரும் மலைபோன்ற உடலினர். முதற் சுற்றிலேயே சாப் காலில் அடிபட்டு வீழ்ந்து தட்டிவிட்டார். மலை சரிந்தது, கூட்டம் வந்த வழியே திரும்பியது. இரண்டாவது நிகழ்ச்சி ஏப்ரல் 7, சண்டிகர். டாட் டஃபியும் நீல் குரோவும் மோதினர். முதல் நிமிடம் முடியுமுன் குரோவ் வீழ்ந்தார். மூன்றாவது மே 6, புது தில்லி. அங்கே தாம்சன் பாபி லாசுலியைத் தீர்ப்பாளர் எண்ணிக்கையில் வென்றார். மூன்று மாதத்தில் மூன்று நகரம்; மூன்றிலும் தலையாய இடத்தில் கடல் கடந்து வந்த பெருவீரர். நம் நாட்டு இளைஞர் முன்னிரவில், கூட்டம் இருக்கை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பொருதினர்.

இந்த வழி நெடுநாள் ஓடாது என்பதை அறியப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டாரை வானூர்தியில் அழைத்து வந்து, அவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிற ஆட்டத்துக்கு அரங்கு வாடகை கொடுத்து, நுழைவுச்சீட்டில் அதை மீட்பது எங்ஙனம்? கோடைக்குப் பின் செப்டம்பரில் மீண்டும் மும்பையில் தொடங்கியபோது நிறுவனம் போக்கை மாற்றிக்கொண்டது. பெரிய அரங்குகளை விட்டு, வெள்ளிக்கிழமை தோறும் சிறு அரங்கில் இந்திய வீரர்களையே பொருதவிட்டுத் தொலைக்காட்சிக்கு அளித்தது. என் கருத்தில் அவ்வாண்டின் உண்மையான செயல் இதுதான். மல்யுத்தம் கற்றவர், குத்துச்சண்டை கற்றவர், ஜூடோவும் வூசூவும் கற்றவர் எல்லாம், தம் கலை போதாது, மற்றவன் கலையையும் கற்க வேண்டும் என்பதை அங்கேதான் கூட்டமாய் உணர்ந்தார்கள். ஆனால் வாரந்தோறும் போட்டி என்றால் வாரந்தோறும் புதிய உடல்கள் வேண்டும். மருத்துவ நோக்கில் ஒரு சண்டைக்காரன் ஆண்டுக்கு மூன்று நான்கு முறைக்குமேல் கூண்டேறுவது சரியன்று. ஆகவே ஆள் தொகை பெருக வேண்டும். பயிற்சியோ ஓராண்டில் பெருகாது. திரைப்படத்துக்கு வெள்ளிக்கிழமை பொருந்தலாம். எலும்பு கூடுவதற்குக் கிழமைக் கணக்கு இல்லை.

2017இல் அதே பெயரில், குத்துச்சண்டை வீரர் அமீர் கானும் பில் தோசாஞ்சும் முன்னின்று, நகரங்களின் பெயரால் அணிகள் அமைத்துத் தில்லியில் ஒரு தொடர் நடத்தினர். ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் இருந்தனர். 2019இல் மும்பையில் மேட்ரிக்சு ஃபைட் நைட் தோன்றியது. நடிகர் டைகர் ஷ்ராஃபின் குடும்பத்தார் தொடங்கியது. இவ்வழியே வந்தவர் சிலர் உலக மேடையையும் தொட்டனர். மும்பையின் பாரத் காந்தாரே 2017இல் யு.எஃப்.சி.யில் பொருதினார், தோற்றார். உத்தரப் பிரதேசத்துச் சிற்றூரிலிருந்து வந்த பூஜா தோமர் 2024 சூன் 8ஆம் நாள் அங்கே வென்றார். அங்கு வென்ற முதல் இந்தியப் பெண் அவர். தமிழ்நாட்டிலிருந்து இன்னார் என்று சொல்ல ஒருவரும் இல்லையே என்று நாம் வருந்தலாம். குத்துவரிசையும், வடசென்னையின் பரம்பரைக் குத்துச்சண்டையும் நம்மிடம் இருந்தன. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அந்தக் கூட்டத்தில் இருந்த பையன்கள் பின்னாளில் எங்கே போனார்கள் என்று ஒருவர் தனியே ஆராயலாம்.

தாலீம்

புனேயில் வாழ்ந்துகொண்டு கூண்டைப் பற்றி மட்டும் எழுதினால் இந்த ஊர் மண் என்னை மன்னிக்காது. பழைய நகரத்துப் பேட்டைகளில் இன்றும் தாலீம்கள் இருக்கின்றன. மராட்டியர் மற்பயிற்சிக் கூடத்தைத் தாலீம் என்பர். சிஞ்சேச்சி தாலீம் பேசுவாக்கள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். குழியின் செம்மண்ணில் மோரும் எண்ணெயும் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் கலந்து பதப்படுத்துகிறார்கள். காலையில் முதலில் மண்ணைக் கொத்திப் புரட்டுவதே ஒரு பயிற்சி. நான் ஒரு நாள் மண்வெட்டி பிடித்துப் பார்த்தேன். கால்மணி நேரத்தில் கை கொப்புளித்தது. உஸ்தாது சிரித்துவிட்டு மோர் கொடுத்தார்.

இந்த ஆட்டத்தைக் காத்தவர் ஒரு காலத்தில் அரசர். கோலாப்பூர் சாகு மகாராசர் மல்லர்களைச் சோறிட்டு வளர்த்தார். அவர் கட்டிய காசுபாக் மைதானத்தில் இன்றும் பல்லாயிரவர் அமர்ந்து குஸ்தி காண்கிறார்கள். அரசருக்குப் பின் ஊர் காத்தது. திருவிழா நாளில் ஊரார் பணம் திரட்டிச் சிறுவர்க்குச் சில ரூபாயில் தொடங்கி இறுதிப் போட்டிக்குப் பெருந்தொகை வரை வைக்கிறார்கள். வென்றவன் சுற்றி வரும்போது கூட்டத்திலிருந்து தாள்களைக் கையில் திணிக்கிறார்கள். 1961 முதல் மகாராட்டிர கேசரிப் பட்டம் வழங்கப்பட்டு வருகிறது. வென்றவன் தோளில் வெள்ளிக் கதை ஏறும். 2023 சனவரியில் நம் கோத்ருடில் அது நடந்தபோது சிவராஜ் ராக்சே வென்றதைக் கண்டவர் நம் சங்கத்திலும் இருக்கக்கூடும். பெண்களுக்கான கேசரி அவ்வாண்டு மார்ச்சில்தான் சாங்கிலியில் தொடங்கியது; காலம் மிகத் தாழ்த்தியே.

காசாபா ஜாதவ் சாத்தாரா மாவட்டத்துக் கோலேசுவர் என்னும் ஊரினர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கி செல்லப் பணம் இல்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டிகர் தம் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. 1984இல் சாலை விபத்தில் மாண்டார். அருச்சுனா விருது 2000இல், இறந்து பதினாறு ஆண்டு கழித்து வந்தது. கல்லூரி முதல்வர் வீட்டை அடகு வைத்ததைக் கேட்டு நாம் நெகிழ்கிறோம். எனக்கோ, அப்படி ஒரு முதல்வர் வாய்க்காத மல்லர் எத்தனை பேர் என்றுதான் தோன்றுகிறது.

அரசர், ஊர், ஆசிரியர் என்று வந்த வரிசையில் நான்காவதாக நிற்பது நிறுவனம். முன்னைய மூவரும் வாய்மொழியாய்க் கொடுத்தார்கள், கொடுக்காமலும் இருந்தார்கள். நிறுவனம் எழுதிக் கொடுக்கிறது. எழுத்து நல்லதுதான், படித்துப் பார்த்தால்.

எடை

தம்பியின் இயல்பான எடை 71 கிலோ. எழுபது கிலோவை ஒட்டி ஒரு பிரிவு இருக்கிறது, மேல்வரம்பு 70.3. அதில் அவன் பொருதியிருக்கலாம். அப்பிரிவில் ஆள் நிரம்பிவிட்டது, அடுத்த கீழ்ப்பிரிவில் வா என்றது நிறுவனம். அதன் வரம்பு 65.8. போட்டிக்கு முந்திய நாள் எடை பார்ப்பார்கள். அந்த ஒரு கணம் முள் 65.8ஐத் தாண்டக் கூடாது. அதன்பின் எவ்வளவு உண்டாலும் கேட்பாரில்லை. ஆகவே ஐந்து கிலோவுக்கு மேல் இறக்கி, மறுநாளுக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். கொழுப்பு இரண்டு நாளில் கரையாது. இறங்குவது நீர்.

71 கிலோ இளைஞனின் உடலில் நீர் ஏறத்தாழ 42 லிட்டர். அதில் ஐந்து லிட்டரை வெளியேற்றுவதென்றால் எட்டில் ஒரு பங்கு. குருதியின் நீர்ப்பகுதியும் அதில் சேரும், குருதி தடிக்கிறது, இதயம் அதே வேலைக்கு மிகுதியாகத் துடிக்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். இவர்களோ காற்றுப் புகாத நெகிழியுறை அணிந்து ஓடுகிறார்கள். வியர்வை வழிகிறது, ஆவியாகவில்லை. நீர் போகிறது, வெப்பம் போகவில்லை. ஊற்றின் நீரை இறைத்துக்கொண்டே அடுப்பையும் மூட்டுகிற வேலை. சிறுநீரகம் முதலில் முறையிடும், கேளாவிட்டால் இதயம்.

1997இன் இறுதியில், ஏறத்தாழ ஐந்து வார காலத்தில், அமெரிக்கக் கல்லூரி மல்லர் மூவர் இவ்வாறு எடை குறைக்கும்போது மாண்டார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு நெகிழியுறையையும் வெந்நீராவி அறையையும் தடை செய்தது. 2015 திசம்பரில் யாங் சியான் பிங் என்னும் 21 வயதுச் சீன வீரர், ஒன் சாம்பியன்சிப் நிறுவனத்தின் போட்டிக்காக மணிலா சென்று, எடை குறைக்கையில் நோயுற்று இறந்தார். அதன்பின் அந்நிறுவனம் சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, உடலில் நீர் போதிய அளவு இருந்தால்தான் எடையை ஏற்பது என்று விதி செய்தது. எளிய சோதனை, நம் இளங்கலை ஆய்வகத்திலேயே செய்கிறோம். 2024 ஆகத்தில் பாரிசில் வினேசு போகாட்டுக்கு நேர்ந்ததை நாடே அறியும். இறுதிப் போட்டியன்று காலை 50 கிலோவுக்குமேல் 100 கிராம். இரவு முழுதும் ஓடி வியர்த்தும், முடியைக் கத்தரித்தும் அந்த நூறு கிராம் இறங்கவில்லை. நாம் அன்று விதியைத் திட்டினோம். அந்த இரவில் ஓர் உடல் என்ன பட்டிருக்கும் என்று எத்தனை பேர் எண்ணினோம்?

தம்பியின் முதல் போட்டி சூலையில் என்றிருந்தது. விடுதிக் குளியலறையை மூடி வெந்நீரைத் திறந்துவிட்டு, உறையணிந்து உட்கார்ந்திருந்தான். நான் வெளியே நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தேன். மூன்றாம் முறை மறுமொழி தாமதமாக வந்தது. கதவைத் தள்ளித் திறந்தேன். கண் குழிந்து, உதடு வெடித்து, வாயில் எச்சில்கூட இல்லாமல் சிரித்தான். "இன்னும் எழுநூறு கிராம்தாண்ணே" என்றான். அன்று நான் அவனை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எழுநூறு கிராமும் இறங்கியது. மறுநாள் காலை எடைமேடையில் ஏறியபின், எதிராளி வரவில்லை என்றார்கள். போட்டி இல்லை. போட்டி இல்லையேல் கூலி இல்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. மருத்துவச் சோதனைக்கும் பயணத்துக்கும் செலவானது அவன் பணம்.

இரண்டாவது நவம்பரில். அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். இம்முறை நான் பிடிவாதம் செய்தேன். எட்டு வாரம் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, பருப்பும் முட்டையும் கூட்டி, 68 வரை இறக்கினோம். கடைசியில் போனது இரண்டு லிட்டர்தான். முதற் சுற்றில் நிறையக் குத்து வாங்கினான். இரண்டாம் சுற்றில் கீழே விழுந்த நிலையில் எதிராளியின் மார்பை ஒரு காலால் தடுத்து, மறுகாலை முதுகுப்புறம் சுற்றி, கழுத்தைக் கால்களுக்கிடையே முக்கோணமாய்ப் பூட்டினான். எதிராளி தட்டினான். நான் கத்திய கத்தலில் கையிலிருந்த நீரெல்லாம் பக்கத்திலிருந்தவர் மேல் கொட்டியது. சாத்தந்தையார் நினைவுக்கு வந்தது அப்போதுதான். வெற்றித் தொகை கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று.

மூன்றாவது போட்டி இரண்டுமுறை தள்ளிவைக்கப்பட்டு, நடக்காமலே ஆண்டு முடிந்தது. வேறு நிறுவனம் ஒன்று அவனை அழைத்தது. அப்போதுதான் ஒப்பந்தத்தை முழுதும் படித்தோம். ஓராண்டுக்குள் நிறுவனம் மூன்று போட்டி அளிக்காவிட்டால், ஒப்பந்தம் தானே மேலும் ஓராண்டு நீளும் என்று ஒரு வரி இருந்தது. அளிக்காத குற்றம் அவர்களுடையது. நீள்வது இவன் தளை! அடிபட்டால் மருத்துவச் செலவு போட்டி நடக்கும் இரவுக்கு மட்டும் என்று மற்றொரு வரி. மருத்துவரும் தீர்ப்பாளரும் நிறுவனமே அமர்த்துபவர். அமெரிக்க மாநிலங்களில் இவர்களை அரசு ஆணையம் அமர்த்துகிறது. நம் சங்கத்துச் சட்ட மாணவர் ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். பதிவஞ்சலில் அனுப்பினோம். இன்றுவரை மறுமொழி இல்லை.

நம் மாணவரில் இன்னும் இருவர் அதே கூடத்தில் பயில்கிறார்கள் என்று அறிகிறேன். பயில வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி நல்லது, தம்பியின் நடையே மாறியிருக்கிறது, முன்பு யார் முகத்தையும் நோக்கிப் பேசமாட்டான். கையெழுத்திடுமுன் மட்டும் தாளை எங்களிடம் கொண்டு வாருங்கள். எத்தனை போட்டி, நடக்காவிட்டால் என்ன, எந்த எடை, யார் மருத்துவர், எப்போது விடுதலை என்று கேளுங்கள். இயல்பான எடையிலிருந்து நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்குமேல் நீரால் இறக்கச் சொன்னால், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். தலையில் அடிபட்டு மயங்கினால் ஒரு மாதமாவது கூடத்தின் பக்கமே போகக் கூடாது; பயிற்சியாளர் சிரித்தாலும் சரி.

தம்பி இப்போது விடியற்காலையில் தாலீமுக்குப் போய் மண் கொத்துகிறான். மாலையில் கூடம். சென்ற மாதம் அவன் தந்தை ஊரிலிருந்து வந்திருந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். யாரோ ஊரில் அவருக்கு அந்த நவம்பர்ப் போட்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டிவிட்டார்கள். நாங்கள் இருவரும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். அவர் கூண்டைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மகனின் முகத்தைக் கையால் திருப்பி, வலக் காதைத் தடவிப் பார்த்தார். "ஏலே, இது ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்றார்.

மல்லர்க்கெல்லாம் வருவதுதான், காதின் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் இடையே குருதி கட்டுவதால் வருவது என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வலிக்குதா?" என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.